கிளம்பிப் போகும் உரிமை: ஃபெடிவர்ஸும் சமூகம் நடத்தும் சர்வர்களும்

2022 டிசம்பர் 18-ஆம் தேதி ட்விட்டர் ஒரு புதிய விதியை அறிவித்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், மாஸ்டடான் (ட்விட்டர் போலவே குறும்பதிவு போடும் தளம், ஆனால் பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்களில் ஓடுவது) உள்ளிட்ட சில தளங்களில் இருக்கும் உங்கள் கணக்கின் முகவரியை இனி ட்விட்டரில் போடக் கூடாது, மீறினால் கணக்கு முடக்கப்படலாம் என்றது அந்த விதி. அதற்கு மூன்று நாள் முன்புதான் மாஸ்டடான் திட்டத்தின் சொந்த ட்விட்டர் கணக்கையே முடக்கியிருந்தார்கள். ஈலான் மஸ்க் நிறுவனத்தை வாங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏராளமானோர் வேறு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பவே, ஒரு நாளுக்குள் விதியை வாபஸ் வாங்கிவிட்டார்கள்.

அவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட அந்த விதி, சமூக ஊடகத் தொழிலின் அடிப்படையை வெளிச்சம் போட்டுக் காட்டிவிட்டுப் போனது. நம் பதிவுகளையும் படங்களையும் டவுன்லோட் செய்துகொள்ளப் பெரிய நிறுவனங்கள் எல்லாமே வழி வைத்திருக்கின்றன. நம்மைப் பின்தொடரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வழி கிடையாது. நிறுவனத்தின் சொத்தே அந்தத் தொடர்புகள்தான். அதனால்தான் புது முகவரியைச் சொல்வதைக்கூடக் குற்றமாக்கப் பார்த்தார்கள்.

தமிழ் இணையத்துக்கு இந்த அனுபவம் பழையது. 2000-களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் என்று யாஹூ குழுமங்களில் எவ்வளவு பேச்சு நடந்தது! இலக்கியம், சித்த மருத்துவம், யாப்பு, ஊர் வரலாறு என்று மடல் மடலாக எழுதினார்கள். யாஹூ அந்தச் சேவையில் ஆர்வம் இழந்தது. பழைய மடல்களை அழிக்கப்போவதாக 2019-இல் அறிவித்து, 2020 டிசம்பரில் கடையை மூடியது. கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோதும் இதே கதைதான். எழுதியவர்கள் சிலர் தங்கள் எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆனால் ஒரு பதிவுக்குக் கீழே கூடிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் கூட்டம் கலைந்தது கலைந்ததுதான்.

மாஸ்டடானைப் போல, தனித்தனி சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கூட்டமைப்புச் சேவைகள் ஃபெடிவர்ஸ் என்ற பெயரில் வளர்ந்துவருகின்றன. அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் விளம்பரம் இல்லை, எதை முதலில் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதம் இல்லை, கண்காணிப்பு குறைவு என்று நன்மைகளை அடுக்குவார்கள். எல்லாம் சரி. ஆனால் என் பார்வையில் அவை இரண்டாம்பட்சம். முதல் நன்மை, வேறு சர்வருக்குப் போகும்போது நம் ஆட்களோடு போக முடிவது. அதற்கு அடுத்தது, சர்வரை நடத்துகிறவர் நாம் கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் இருப்பது.

நாம் ஏற்கெனவே வாழும் கூட்டமைப்பு

கூட்டமைப்பு, அதாவது ஃபெடரேஷன் என்றால் ஏதோ புரட்சிகரமான புதுமை என்று நினைக்க வேண்டாம். மின்னஞ்சல் அப்படித்தான் இயங்குகிறது. ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்கு மடலைக் கொடுக்கும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை, அதாவது கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் விதிகளை, ஜான் போஸ்டல் 1982-இல் எழுதினார். ஜிமெயில் வைத்திருப்பவர், கல்லூரி சர்வரில் முகவரி வைத்திருப்பவருக்கு மடல் அனுப்பலாம். இருவரும் ஒரே நிறுவனத்தில் கணக்கு வைத்திருக்கத் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் இருப்பவர் எக்ஸ் தளத்தில் இருப்பவருக்கு அப்படி ஒரு வரிகூட அனுப்ப முடியாததை நாம் இயல்பாக எடுத்துக்கொண்டுவிட்டோம். அதுதான் வினோதம்.

செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த கம்பெனி சிம்மிலிருந்தும் எந்த கம்பெனி சிம்முக்கும் பேசலாம். ஆனால் 2011 ஜனவரி 20-க்கு முன்பு இந்தியாவில் பெரும்பாலான இடங்களில் கம்பெனியை மாற்றினால் நம்பரும் மாறும். 'என் நம்பர் மாறிவிட்டது' என்று எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் மோசமான சேவையைச் சகித்துக்கொண்டிருந்தார்கள். அதே நம்பரோடு கம்பெனி மாறும் வசதி நாடு முழுக்க வந்த பிறகு, வாடிக்கையாளரின் பேச்சுக்கு மதிப்பு கூடியது. போன்பே வைத்திருப்பவர் கூகுள்பே வைத்திருக்கும் கடைக்காரருக்குப் பணம் அனுப்ப முடிவதும் இதே வகைதான். ஒரு வித்தியாசம்: யுபிஐயில் நடுவில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் என்ற ஒரே அமைப்பு உட்கார்ந்திருக்கிறது. ஃபெடிவர்ஸில் நடுவில் யாரும் இல்லை.

யாரும் இல்லாமல் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கயல் என்பவர் மதுரையில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சர்வரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலா டொராண்டோவில் நூலகர்கள் நடத்தும் வேறொரு சர்வரில் இருக்கிறார். கயலின் முழு முகவரியை, அதாவது பெயரையும் சர்வரின் டொமைனையும் (இணையப் பெயரையும்), நிலா தேடல் பெட்டியில் போடுகிறார். டொராண்டோ சர்வர் மதுரை சர்வரின் கதவைத் தட்டி, 'இந்தப் பெயரில் இங்கே யாராவது உண்டா?' என்று கேட்கிறது. 'உண்டு. அவருடைய பக்கம் இது, அவருக்கு வரும் செய்திகளைப் போட வேண்டிய பெட்டி இது, அவருடைய டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவி இது' என்று பதில் வருகிறது. நிலா ஃபாலோ பட்டனை அழுத்துகிறார். ஒரு விண்ணப்பம் மதுரைக்குப் போகிறது, ஒப்புதல் திரும்பி வருகிறது.

அப்புறம் கயல் ஒரு பதிவு போடுகிறார். மதுரை சர்வர் அவரைப் பின்தொடர்பவர்கள் எந்தெந்த சர்வரில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுக்கிறது. ஒவ்வொரு சர்வருக்கும் பதிவின் ஒரு நகலை, கயலின் ரகசியச் சாவியால் கையெழுத்திட்டு அனுப்புகிறது. டொராண்டோ சர்வரில் கயலை 40 பேர் பின்தொடர்ந்தாலும் ஒரு நகல் போதும், அங்கே பகிர்ந்துகொள்வார்கள். டொராண்டோ சர்வர் கையெழுத்தைச் சரிபார்த்து, நிலாவின் டைம்லைனில் நேர வரிசைப்படி வைக்கிறது. டொராண்டோ சர்வர் அப்போது படுத்திருந்தால், மதுரை சர்வர் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி முயலும். கயல் பதிவை நீக்கினால், 'இதை அழித்துவிடுங்கள்' என்று இன்னொரு செய்தி எல்லோருக்கும் போகும். ஒழுங்கான சர்வர்கள் அழித்துவிடும். அழிக்காத சர்வரைக் கட்டாயப்படுத்த வழியில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பேச்சுவார்த்தையின் இலக்கணம்தான் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் இதை முறையான தரமாக அறிவித்தது. இலக்கணம் பொதுவாக இருப்பதால் பேசும் மென்பொருள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மாஸ்டடானில் இருந்துகொண்டே பியர்ட்யூபில் இருக்கும் வீடியோ சேனலைப் பின்தொடரலாம், பிக்சல்ஃபெட்டில் இருக்கும் புகைப்படக்காரருக்குப் பதில் எழுதலாம், வேர்ட்பிரஸ் தளத்தின் கட்டுரைகளை டைம்லைனில் வாங்கலாம். யூட்யூப் சேனலை இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து பின்தொடர்வதற்குச் சமம் இது.

கூகுள் டாக் கற்றுத்தந்தது

கூட்டமைப்பு உடைந்துபோகுமா? உடைந்திருக்கிறது. ஜெரமி மில்லர் 1999-இல் ஜாபர் என்ற சாட் முறையை அறிமுகப்படுத்தினார். அதுவே பின்னால் எக்ஸ்எம்பிபி என்ற தரமாக ஆனது. யார் வேண்டுமானாலும் சர்வர் வைக்கலாம், எந்த சர்வரில் இருப்பவரும் மற்றவரோடு பேசலாம். 2005-இல் வந்த கூகுள் டாக் இதே நெறிமுறையில் கட்டப்பட்டது. 2006 ஜனவரியில் மற்ற சர்வர்களோடு பேசவும் கதவைத் திறந்துவிட்டார்கள். சிறிய சர்வர் நடத்தியவர்களுக்குக் கொண்டாட்டம், ஜிமெயில் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லோரோடும் தங்கள் சர்வரிலிருந்தே பேசலாம்.

2013 மே மாதம் கூகுள் ஹேங்அவுட்ஸ் என்ற புதிய சாட் சேவையை அறிவித்தது. அதில் வெளி சர்வர்களோடு பேசும் வசதி இல்லை. பழைய இணைப்பும் மெல்ல மெல்லச் செத்தது. 2014-இல் மற்ற எக்ஸ்எம்பிபி சர்வர்கள் தங்களுக்குள் மறையாக்கத்தை (இடையில் யாரும் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டுவதை) கட்டாயமாக்கியபோது கூகுள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை, மிச்சமிருந்த தொடர்பும் அறுந்தது. நெறிமுறை அப்படியே இருந்தது, சிறிய சர்வர்களும் இருந்தன. பேச ஆள்தான் இல்லை, ஏனென்றால் ஆட்களில் பெரும்பகுதி ஒரே சர்வரில் இருந்தார்கள். வாட்ஸ்அப்பும் ஆரம்பத்தில் எக்ஸ்எம்பிபியை ஒட்டிய ஒரு மென்பொருளின் மேல்தான் எழுந்தது, ஆனால் வெளியாருக்குக் கதவே வைக்கவில்லை.

இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: திறந்த நெறிமுறை மட்டும் போதாது, ஆட்கள் பரவலாக இருக்க வேண்டும். மின்னஞ்சலிலேயே இதைப் பார்க்கிறோம். இன்று சொந்தமாக மெயில் சர்வர் வைத்துப் பாருங்கள், பெரிய நிறுவனங்களின் ஸ்பேம் பெட்டியில் போய் விழாமல் மடல் அனுப்புவதே பெரும்பாடு. நெறிமுறை எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது, வாசலில் நிற்பவர் மட்டும் இரண்டு மூன்று பேராகிவிட்டார்கள்.

இந்தப் பயம்தான் மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் விஷயத்திலும் எழுந்தது. 2023 ஜூலையில் தொடங்கிய த்ரெட்ஸ், ஐந்தே நாளில் 10 கோடிப் பேரைச் சேர்த்தது. ஆக்டிவிட்டிபப் வழியாக மற்ற சர்வர்களோடு பேசுவோம் என்று சொல்லி, அந்த டிசம்பரில் சோதனையும் தொடங்கியது. நூற்றுக்கணக்கான சர்வர் அட்மின்கள் த்ரெட்ஸைத் தடுப்போம் என்று கையெழுத்திட்டார்கள். வேறு பலர், பெரிய நிறுவனமே நம் வாசலுக்கு வருகிறது, வரட்டும் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது, இந்த முடிவை ஒவ்வொரு சர்வரும் தனித்தனியாக எடுக்க முடிந்தது என்பதுதான். தன் சர்வரின் முடிவு பிடிக்காதவர் வேறு சர்வருக்குப் போனார்.

மொழி தெரிந்த மாடரேட்டர்

2018 மார்ச்சில் இலங்கையின் கண்டி மாவட்டத்தில், திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. அரசு அவசரநிலையை அறிவித்து, ஃபேஸ்புக், வாட்ஸ்அப் போன்றவற்றைச் சில நாட்களுக்கு முடக்கியது. சிங்களத்தில் பரவும் வெறுப்புப் பதிவுகளைப் பற்றி அங்குள்ள சமூக அமைப்புகள் ஃபேஸ்புக்கிடம் வருஷக்கணக்கில் முறையிட்டுக்கொண்டிருந்தன. முஸ்லிம் குழந்தைகளைக்கூட விட்டுவைக்காதீர்கள் என்ற பொருளில் வந்த ஒரு பதிவைப் புகார் செய்தபோது, விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது. தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில். இரண்டு வருஷம் கழித்து.

உலகம் முழுமைக்கும் ஒரே விதிப்புத்தகம், அதைப் படித்து முடிவெடுக்கிறவர் வேறொரு கண்டத்தில் இருப்பார் என்ற ஏற்பாட்டின் பலவீனம் இதுதான். தமிழிலும் இதைத் தினமும் பார்க்கிறோம். ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல், ஒரு ஊர்ப்பெயரையோ ஒரு தொழிலையோ சொல்லி ஒருவரைச் சாதியால் இழிவுபடுத்த முடியும். மொழி தெரிந்தவருக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் ஊர் தெரிந்தவருக்கு, அது பார்த்தவுடன் புரியும். மெஷினுக்கும் தூரத்து மாடரேட்டருக்கும் புரியாது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்ட விவகாரம் பெரிதாகி, இந்தியர்கள் அலையாக மாஸ்டடானுக்குப் போனார்கள். அவர் வைத்திருந்த முகப்புப் படத்தில், நாஜி வணக்கம் செலுத்தும் கூட்டத்தில் ஒரே ஒருவர் மட்டும் கைகட்டி நிற்பார். நாஜிகளை எதிர்ப்பவரின் படம் வெறுப்புப் படமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ட்விட்டர் சாதிப் பாரபட்சத்தோடு நடந்துகொள்கிறது என்ற குற்றச்சாட்டும் அதே நாட்களில் பலமாக ஒலித்தது.

சமூகம் நடத்தும் சர்வரில் விதிகளை அங்கிருப்பவர்களே எழுதுகிறார்கள். சில ஆயிரம் பேருக்கு ஐந்தாறு மாடரேட்டர்கள் என்றால், புகாரைப் படிப்பவர் அந்தச் சூழல் தெரிந்த மனிதராக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவு தப்பு என்றால் அவரிடமே போய்க் கேட்கலாம்.

கெட்டவர்களும் சர்வர் வைக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. வைத்தார்கள். பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 2018-இல் 11 பேரைக் கொன்றவர் பயன்படுத்திய கேப் என்ற தளம், 2019 ஜூலையில் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதால் யாரும் தடுக்க முடியவில்லை. ஆனால் மற்ற சர்வர்கள் ஒன்றன்பின் ஒன்றாக கேப் சர்வரோடு உறவை வெட்டிக்கொண்டன. டஸ்கி போன்ற மாஸ்டடான் செயலிகள்கூட அந்த சர்வரில் உள்நுழைய விடவில்லை. கேப் தன் பாட்டுக்குப் பேசிக்கொள்ளலாம், அந்தப் பேச்சை மற்றவர்கள் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குறையும் உண்டு, அது சின்னக் குறையல்ல. 2022-இல் மாஸ்டடானுக்கு வந்த கறுப்பின அமெரிக்கர்கள் பலர், இனவெறியைப் பற்றி எழுதும்போதெல்லாம் அதை எச்சரிக்கை மறைப்புக்குள் (தட்டினால்தான் பதிவு தெரியும்) போடுங்கள் என்று பழைய ஆட்களிடம் கண்டிப்பு வாங்கினார்கள். தங்கள் வாழ்க்கையை எழுதுவதே மற்றவருக்குத் தொந்தரவு என்பதுபோல் நடத்தப்பட்டார்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். நாளை ஒரு தமிழ் சர்வரில் சாதி பற்றி எழுதுகிறவருக்கு இதுவே நடக்கலாம். அக்கம்பக்கத்தார் நடத்தும் சர்வர் என்பதாலேயே அது நியாயமான சர்வர் ஆகிவிடாது. மாடரேட்டர் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அடித்தளத்தில் ஓடிய சர்வர்

சமூக சர்வர் என்றால் என்ன பாடு என்று புரிய ஹாக்கிடெர்ம் கதையைச் சொல்ல வேண்டும். கிரிஸ் நோவா என்ற மென்பொருள் பொறியாளர் 2022-இல் சியாட்டிலில் தன் வீட்டு அடித்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர்களில் இந்த மாஸ்டடான் சர்வரைத் தொடங்கினார். சில நூறு பேர் இருந்தார்கள், பெரும்பாலும் அதே துறை நண்பர்கள். ட்விட்டர் கைமாறியதும் நவம்பர் மாதத்தில் கூட்டம் 30,000-ஐத் தொட்டது. மாஸ்டடான் முழுவதுமே அப்போது வீங்கியது. மாதம் சுமார் 3 லட்சம் பேர் பயன்படுத்திய இடத்தில் 25 லட்சம் பேர் ஆனார்கள் என்று அதை உருவாக்கிய ஆய்கன் ரோக்கோ எழுதினார். இந்த எண்ணிக்கை பிறகு கணிசமாகக் குறைந்தது.

மேலே சொன்ன கயல் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒருவரைப் பின்தொடர்கிறவர்கள் 3,000 சர்வர்களில் இருந்தால், அவர் ஒரு 'வணக்கம்' போட்டாலே 3,000 நகல் அனுப்ப வேண்டும். 30,000 பேர் எழுதுகிறார்கள், எல்லோருக்கும் வெளியிலிருந்து பதில்களும் படங்களும் வந்து குவிகின்றன. அனுப்ப வேண்டியவை வரிசையில் தேங்கின, பக்கங்கள் திறக்க நேரமானது. தோண்டித் துருவிப் பார்த்ததில் டிஸ்க்குகள் பழுதாகிவந்தது தெரிந்தது. தன்னார்வலர்கள் ராப்பகலாக உட்கார்ந்து, படங்களைத் தனியாக ஒரு கிளவுட் சேமிப்புக்கு நகர்த்தி, மற்றவற்றை ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனத்தின் சர்வர்களுக்கு மாற்றினார்கள். எது உடைந்தது, ஏன் உடைந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று எல்லாவற்றையும் பகிரங்கமாக எழுதி வைத்தார்கள். பெரிய நிறுவனத்தின் சேவை படுத்தால் நமக்கு 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற ஒரு வரிதான் கிடைக்கும். இங்கே எந்த டிஸ்க் பழுது என்பதுவரை உறுப்பினர்களுக்குத் தெரிந்தது.

2023 ஆகஸ்டில் கிரிஸ் நோவா மலையேற்ற விபத்தில் இறந்துபோனார். சர்வர் நிற்கவில்லை. நிவென்லி என்ற அறக்கட்டளையையும் ஒரு குழுவையும் அதற்கு முன்பே கட்டியிருந்தார்கள், அவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள். இந்த முன்யோசனை எல்லா இடத்திலும் இருக்கவில்லை. மாஸ்டடான்.டெக்னாலஜி என்ற பெரிய சர்வர், அதை நடத்தியவரின் சொந்தக் காரணங்களால் 2022-இல் மூடப்பட்டது. ஒரே ஆள் தூக்கிச் சுமக்கும் சர்வர் அந்த ஆளின் உடம்பையும் மனதையும் நம்பி இருக்கிறது. இதில் யாரையும் குறைசொல்ல மாட்டேன். சம்பளமில்லாமல், இரவு 2 மணிக்கு ஆபாசப் படப் புகாரைப் பார்த்து நீக்கும் வேலை எவ்வளவு நாள் ஒருவரால் முடியும்?

நம் ஊர் ஏரிகளைக் குடிமராமத்து என்ற முறையில் ஊரே கூடித் தூர்வாரியது. மடையைத் திறக்க நீர்க்கட்டி என்று ஒரு ஆள், அவருக்கு விளைச்சலில் பங்கு. சமூக சர்வருக்கும் அந்த இரண்டும் வேண்டும்: உழைப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, பொறுப்பில் இருப்பவருக்குக் கூலி. 2017-இல் தொடங்கிய சோஷியல்.கூப் இதைக் கூட்டுறவாகவே செய்கிறது. உறுப்பினர்கள் வசதிக்கேற்பச் சந்தா கட்டுகிறார்கள், விதிகளை ஓட்டுப்போட்டு முடிவெடுக்கிறார்கள். சர்வர் அவர்களுடையது.

அரசு அமைப்புகளும் இந்த வழிக்கு வந்திருக்கின்றன. ஜெர்மனியின் தரவுப் பாதுகாப்பு ஆணையர், அந்நாட்டு அரசுத் துறைகளுக்காகத் தனி மாஸ்டடான் சர்வர் நடத்துகிறார். நெதர்லாந்து அரசு 2023-இல் தொடங்கியது. இதில் நேரடியான ஒரு லாபம் உண்டு. முகவரியிலேயே அரசின் டொமைன் இருப்பதால் போலிக் கணக்கு என்ற சந்தேகத்துக்கே இடமில்லை. 2022 நவம்பரில் ட்விட்டர் 8 டாலருக்கு நீல டிக் விற்றபோது, எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் டிக் வாங்கிய ஒருவர், இன்சுலின் இனி இலவசம் என்று போட்டுவிட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அரசு ஆதரவு நிரந்தரம் என்றும் நினைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றிய அமைப்புகளுக்காக 2022 ஏப்ரலில் தொடங்கிய ஈயூ வாய்ஸ் சர்வர், அதைத் தொடர்ந்து நடத்தப் பொறுப்பேற்க யாரும் முன்வராததால் 2024 மே மாதம் மூடப்பட்டது.

சேருவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்கள் முகவரி ஒரு டொமைன் பெயரில் தொங்குகிறது. குயீர்.ஏஎஃப் என்ற சர்வர் ஆப்கானிஸ்தானுக்கு உரிய .af என்ற டொமைன் வாலைத் தன் பெயரின் கடைசியில் வைத்திருந்தது. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டது. சர்வர் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருந்தது, பெயர் போனதால் எல்லாம் போனது. கேட்க அழகாக இருக்கும் நாட்டு டொமைன்களில் இந்த ஆபத்து உண்டு.

நேர்ச்செய்திகள் (குறிப்பிட்ட ஆளுக்கு மட்டும் அனுப்பும் டிஎம்) மறையாக்கம் செய்யப்பட்டவை அல்ல. அட்மின் நினைத்தால் படிக்கலாம். 2023 மே மாதம் கொலெக்டிவா என்ற சர்வரின் அட்மின் ஒருவர் வீட்டில், வேறு ஏதோ வழக்குக்காக எஃப்பிஐ சோதனை நடத்தியது. அப்போது கைப்பற்றிய பொருட்களில், மறையாக்கம் செய்யாத டேட்டாபேஸ் பேக்கப்பும் இருந்தது. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் நேர்ச்செய்திகளும் அதில் இருந்தன. ரகசியம் பேச மாஸ்டடான் சரியான இடம் இல்லை, அதற்கு சிக்னல் போன்றவை இருக்கின்றன.

சர்வர் மாறும் வசதிக்கும் எல்லை உண்டு. புது சர்வரில் கணக்கு தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய கணக்கைத் தன்னுடையதுதான் என்று குறிக்க வேண்டும். பிறகு பழைய கணக்கிலிருந்து 'மாறிவிட்டேன்' என்ற அறிவிப்பை அனுப்பினால், பின்தொடர்பவர்களின் சர்வர்கள் தாமாகவே அவர்களைப் புதுக் கணக்குக்கு மாற்றிவிடும். பழைய பதிவுகள் மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிடும். இந்த அறிவிப்பை அனுப்பப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் சர்வர் மறைந்தால் இடமாற்றமும் கிடையாது. அடையாளத்தை சர்வரிலிருந்து பிரித்து இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்க்கிறது, ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கையின் ஏடி நெறிமுறை. அந்த யோசனை மாஸ்டடானைவிட ஒரு படி மேல் என்றே நினைக்கிறேன். ஆனால் அங்கே பெரும்பாலான கணக்குகள் இன்னும் அந்த ஒரு நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. கூகுள் டாக் கதையைப் படித்தவர்களுக்கு அது உறுத்தும்.

மாஸ்டடானின் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள் ஒரு உடன்படிக்கைக்கு ஒப்புக்கொள்கின்றன. இனவெறி போன்றவற்றுக்கு எதிராக மாடரேஷன் நடக்க வேண்டும், தினமும் பேக்கப் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு சர்வரைக் கையாள இன்னொரு ஆளுக்கும் அனுமதி இருக்க வேண்டும், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும். இந்த நான்கையும் பட்டியலில் இல்லாத சர்வரிடமும் கேளுங்கள். கூடவே, செலவுக் கணக்கை வெளியிடுகிறார்களா, எந்தெந்த சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்களா என்றும் பாருங்கள். இவை பெரும்பாலும் சர்வரின் அறிமுகப் பக்கத்திலேயே இருக்கும். இல்லையென்றால் அட்மினுக்கு எழுதிக் கேட்கலாம். பதில் வருகிறதா, எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கணக்கு தொடங்கியதும் அமைப்புகளில் இறக்குமதி, ஏற்றுமதிப் பகுதி எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்தவர்கள், புக்மார்க்குகள் எல்லாம் எக்செல் போன்றவற்றில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக உடனே கிடைக்கும். பதிவுகளையும் படங்களையும் மொத்தமாகக் கேட்டு வாங்கும் காப்பகத்தை ஏழு நாளுக்கு ஒருமுறை எடுக்கலாம். அந்தக் காப்பகத்தை மாதம் ஒருமுறையாவது எடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் போட்டு வையுங்கள்.